மலைநாட்டில் போட் வைத்திருப்பவருக்கு: கரைக்கு அனுப்புவதா, பாஸைக் கூப்பிடுவதா, நாமே கையை வைப்பதா?

காசல்ரீ நீர்த்தேக்கத்திலோ மவுசாக்கலை நீர்த்தேக்கத்திலோ கூரை போட்ட ஒரு பைபர் போட்டை வைத்து, தங்க வருகிறவர்களை ஒரு சுற்றுக் காட்டிப் பிழைக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி என்றைக்காவது வந்தே தீரும். போட்டுக்கு வயதாகிவிட்டது, அடியில் கொப்புளம், எஞ்சின் மாட்டுகிற பின்பலகை லேசாக ஆடுகிறது, முன்பு போல இழுவையும் இல்லை. லொறியில் ஏற்றி நீர்கொழும்புப் பக்கத்து யார்டுக்கு அனுப்பலாம். அங்கிருந்து ஒரு பைபர் பாஸை, அதாவது பைபர் வேலை தெரிந்த கைவினைஞரை, மேலே கூட்டி வந்து இங்கேயே செய்விக்கலாம். இல்லையென்றால் ரெசினும் (பிசின்) மெட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) வாங்கி வைத்து நாமே கையை வைக்கலாம்.

முழுப் போட்டுக்கும் சேர்த்து ஒரே முடிவு எடுக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. அடிப்பக்கத்து வேலையை நாமே செய்யலாம், செய்யவும் வேண்டும். எஞ்சினின் உள்வேலை மெக்கானிக்கிடம் போகட்டும். பின்பலகை இரண்டுக்கும் நடுவில் நிற்கிற விஷயம், அதைத் தட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இதை இப்படிப் பிரித்துப் பார்க்காமல் "கடற்கரையில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்று போனால் காசு கரையும், ஏனென்றால் கடற்கரை ஆட்களின் அனுபவம் முழுக்க உப்புத் தண்ணீர், முப்பது பாகை வெயில், கடல் மட்டத்துக் காற்று ஆகியவற்றில் கிடைத்தது. நமக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது.

முதலில் லொறிக் கணக்கு. போய்வர இரண்டு வாடகை, ஏற்றி இறக்க ஆட்கள், கினிகத்தேனை, கித்துல்கல வளைவுகளில் அகலமான சாமானோடு மெதுவாக இறங்க ஒரு பகல். இதற்கு மேல் யார்டில் வரிசை. மீன்பிடிப் படகுகள்தான் அவர்களுடைய நிரந்தர வாடிக்கை, நம் ஒற்றைப் போட் மூலையில் காத்துக் கிடக்கும். ஆனால் யார்டில் கூரை இருக்கிறது, சூடு இருக்கிறது, தினமும் அதே வேலையைச் செய்கிற கை இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது.

பாஸை மேலே கூப்பிடுவது கேட்க நன்றாக இருக்கும், மூன்று வழியிலும் எனக்குக் குறைவாகப் பிடித்தது அதுதான். சாப்பாடு, தங்குமிடம், மழை பெய்கிற நாளுக்கும் கூலி. அதைவிடப் பெரிய சிக்கல், ரெசினை இறுக வைக்கிற ஹார்ட்னரைக் கண்ணளவில் ஊற்றிப் பழகிய கை. கீழே அந்த அளவு சரியாக இருக்கும். இங்கே பின்னேரம் பனி இறங்கியதும் ரெசின் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும், மறுநாள் காலையில் மனுஷர் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுவார், அந்தப் படை மொறுமொறுவென்று உடையும். எங்கள் பக்கத்தில் இப்படி ஒருவர் செய்துவிட்டுப் போன தரையை அடுத்த வருடமே பெயர்த்து எடுக்க வேண்டி வந்தது. குளிரில் வேலை செய்து பழகிய பாஸ் கிடைத்தால் விடாதீர்கள், அது வேறு கதை.

சரி, நாமே செய்வதென்றால் எப்போது? இதுதான் தலைவலி. காசல்ரீ, மஸ்கெலியா பக்கத்தில் வேலைக்கு ஏற்ற காலம் தை முதல் பங்குனி வரை. மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவமழை பிடித்தால் வட்டவளையில் பெய்கிற மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரைத் தாண்டுகிற இடம் அது. ஆனால் தை, மாசி, பங்குனிதான் சிவனொளிபாதமலை சீசனும், ஆட்கள் வருகிற காலமும். போட்டைக் கரையேற்றினால் வருமானம் நிற்கும். இதற்கு முழுத் தீர்வு கிடையாது. தண்ணீர் வற்றி நீர்மட்டம் இறங்குகிற பங்குனி, சித்திரையில் போட்டைக் கரையோரமாகக் கட்டைகளின் மேல் நிறுத்திவிட்டால் தண்ணீர் தானாக விலகிப் போகும், கிரேன் செலவு மிச்சம். அந்த ஒரு சில வாரங்களுக்குள் அடிப்பக்கத்தை முடித்துவிட்டு, கூரை, இருக்கை, வயரிங் போன்றவற்றை மழைக்காலத்துக்குத் தள்ளி வையுங்கள். கட்டையில் நிற்கும்போது முழுப் பாரமும் போட்டின் அடியில் நடுவே நீளத்துக்கு ஓடுகிற நடுக்கட்டையில் இறங்க வேண்டும், பக்கத்தில் வைக்கிற முட்டுகள் சாயாமல் பிடிக்க மட்டும்தான். ஒன்று மறக்க வேண்டாம், மேலே நல்ல மழை பெய்தால் மட்டம் ஒரே இரவில் ஏறும். கயிற்றை அவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

இனி அடிப்பக்கம். உப்பு இல்லாததால் நம் போட்டுக்குக் கேடு குறைவு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சிப்பி ஒட்டாது, துரு குறைவு, அது உண்மை. அந்த விலை கூடிய நஞ்சுப் பெயின்ட்டுக்கு நமக்கு அவசியமே இல்லை, வழுவழுப்பான பாசி மட்டும்தான் பிடிக்கும், தேய்த்தால் போய்விடும். ஆனால் கொப்புளம் விஷயத்தில் நல்ல தண்ணீர்தான் மோசம். ஜெல்கோட் என்கிற வெளிப்பூச்சு வழியாகத் தண்ணீர் மெல்ல உள்ளே ஊறி, அங்கே சரியாக இறுகாத ரெசினில் இருந்து கரைகிற பொருட்களோடு சேர்ந்து ஒரு கரைசலாகிறது. வெளியே இருக்கிற தண்ணீர் எவ்வளவுக்குச் சுத்தமோ அவ்வளவுக்கு அது உள்ளே போகத் துடிக்கும். கடல் தண்ணீரில் உப்பு இருப்பதால் அந்த இழுவை குறைவு. கொப்புளத்தைக் குத்தினால் வினாகிரி வாடை அடிக்கிற தண்ணீர் பீச்சும். கண்ணாடி போடாமல் குத்தாதீர்கள்.

பத்துப் பதினைந்து கொப்புளத்தைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை, அதனால் போட் மூழ்காது. ஒவ்வொன்றாகச் சுரண்டி, நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவி, நன்றாகக் காய வைத்து, எபொக்சி பூசி நிரப்பினால் போதும். காய்ந்ததா என்று பார்க்கச் சின்ன வழி உண்டு. ஒரு பொலித்தீன் துண்டை அந்த இடத்தில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு மறுநாள் பாருங்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் ஈரம். நம் மூடுபனியில் இதற்கு வாரக்கணக்கில் போகலாம். அடி முழுக்கச் சல்லடை போலக் கொப்புளித்திருந்தால் மட்டும் அதை இங்கே வைத்துக் காய வைக்கப் பார்ப்பது வீண்வேலை, கூரையும் சூடும் உள்ள யார்டுதான் சரி.

வெடிப்பு, ஓட்டை என்றால் பொலியஸ்டர் ரெசினா எபொக்சியா என்ற கேள்வி வரும். பொலியஸ்டர் மலிவு, எங்கும் கிடைக்கும், மேலே ஜெல்கோட் அடிக்கலாம். ஆனால் பழைய, இறுகிய பரப்பில் அதன் பிடிப்பு சுமார்தான். எபொக்சி விலை கூட, பிடிப்பு உறுதி, தண்ணீர் ஊறுவதும் குறைவு. பொலியஸ்டரின் மேல் எபொக்சி நன்றாகப் பிடிக்கும், எபொக்சியின் மேல் பொலியஸ்டர் அவ்வளவாகப் பிடிக்காது. ஆக, ஒருமுறை எபொக்சி வைத்த இடத்தில் பிறகும் அதே தொடர வேண்டும், மேலே பெயின்ட்தான். வாங்குகிற மெட்டும் எபொக்சிக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள், சாதாரண மெட்டில் இழைகளை ஒட்டி வைத்திருக்கிற பசை பொலியஸ்டரில் கரைகிற மாதிரி எபொக்சியில் கரையாது. நெய்த துணி என்றால் அந்தப் பிரச்சினை இல்லை. என் தேர்வு, தண்ணீர்க் கோட்டுக்குக் கீழேயும் பாரம் தாங்குகிற இடத்திலும் எபொக்சி, தரை, இருக்கைப் பெட்டி, கூரை எல்லாம் பொலியஸ்டர்.

எந்த ரெசினாக இருந்தாலும் ஒட்டு நிற்பது சரிவில்தான். ஓட்டையின் மேல் ஒரு துண்டை அப்பிவிட்டுப் போனால் அது ஒருநாள் தட்டுப் போலக் கழன்று வரும். ஓரத்தைச் சுற்றிலும் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் சாய்வாகத் தேய்க்க வேண்டும். 5 மில்லிமீற்றர் கனமுள்ள இடமென்றால் எல்லாப் பக்கமும் 60 மில்லிமீற்றர். இவ்வளவு தேய்க்க மனசு வராது, கிரைண்டரைப் பிடித்த கைக்கு நல்ல போட்டைப் பாழாக்குகிற மாதிரி இருக்கும். பரவாயில்லை, தேயுங்கள்.

குளிருக்கு வருவோம். பொலியஸ்டருக்கு ஹார்ட்னர் எடையில் 1 முதல் 2 சதவீதம், ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். தராசில் நிறுங்கள். 15 பாகைக்குக் கீழே படை வைக்கவே வேண்டாம். காசல்ரீ மட்டத்தில் மாசி, பங்குனிப் பகல் தாராளமாக அதற்கு மேல் இருக்கும், மூடுபனி கலைந்த பிறகு ஒன்பது பத்து மணிக்குத் தொடங்கி மத்தியானத்துக்குள் முடித்தால் இருட்டு முன் இறுகிவிடும். நுவரெலியாக்காரர்களுக்குத்தான் கஷ்டம், அங்கே சில நாள் அந்த நேரமும் கிடைக்காது. ரெசின் டின்னை மூடியபடியே வெயிலில் அல்லது இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்துச் சூடேற்றலாம், தறப்பாளைக் கட்டி உள்ளே பல்ப் போட்டு வைக்கலாம். கரி அடுப்போ மண்ணெண்ணெய் ஹீட்டரோ வேண்டவே வேண்டாம். ரெசினில் இருந்து வருகிற ஆவி தீப்பிடிக்கும். தீப்பிடிக்காமல் தப்பினாலும், எரிகிற அடுப்பு கரியமில வாயுவையும் நீராவியையும் விடும், அவை எபொக்சியின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலத்தைப் படிய வைக்கும். குளிரும் ஈரமும் சேர்ந்த இடத்தில் அந்தப் படலம் எப்படியும் கொஞ்சம் வரத்தான் செய்யும், அடுத்த படைக்கு முன் தண்ணீரும் பச்சை ஸ்பொஞ்சும் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். எபொக்சியில் சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டுவது சுத்த முட்டாள்தனம், அதன் விகிதம் மாறவே கூடாது. குளிருக்கென்று வேகமான ஹார்ட்னர் தனியாக இருக்கிறது.

பொலியஸ்டர் ஹார்ட்னர் ஒரு சொட்டுக் கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கண்ணாடி, ஆவிக்கான மாஸ்க், கையுறை இல்லாமல் செய்வதென்றால் யார்டுக்கே அனுப்பிவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது.

இப்போது பின்பலகை. இரண்டு பைபர் தோலுக்கு நடுவே பிளைவுட் வைத்துத்தான் நம் போட்களில் பெரும்பாலானவற்றின் பின்பக்கத்தைச் செய்திருப்பார்கள். ஆணி போட்ட ஓட்டை, எஞ்சின் போல்ட் ஓட்டை, மேல் விளிம்பு, இவற்றின் வழியாக மழை உள்ளே இறங்கும். மரம் உப்புத் தண்ணீரில் உளுப்பதைவிட மழைத் தண்ணீரில் வேகமாக உளுக்கும், நம்மிடம் மழைக்கா பஞ்சம்? சுத்தியல் பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, பொத்தென்றால் உள்ளே சாணி மாதிரி ஆகிவிட்டது. பிறகு எஞ்சினின் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், பலகை வளைவது கண்ணுக்குத் தெரிந்தால் அந்த எஞ்சினோடு ஆட்களை ஏற்றக் கூடாது. போல்ட்டைச் சுற்றி மட்டும் ஈரம் என்றால் நீங்களே தோண்டி, காய வைத்து, எபொக்சி நிரப்பி, மறுபடி துளைக்கலாம். முழுப் பலகையும் போயிருந்தால் உள்தோலை வெட்டி எடுத்து, மரத்தைச் சுரண்டி, புது மெரின் பிளைவுட்டை எபொக்சியில் பதித்து, மூலைகளை வளைவாக நிரப்பி, மேலே படை போட்டுக் கொண்டுவர வேண்டும். முடியாத வேலையில்லை, ஆனால் முதல்முறை ரெசினைத் தொடுகிறவருக்கு ஏற்றதில்லை. முதலில் ஒரு இருக்கைப் பெட்டியைச் செய்து கை பழகட்டும்.

எஞ்சின் பக்கம் வந்தால், பெரிய எஞ்சின் வாங்கத் துடிக்கிறவர்கள் முதலில் உயரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் என்று சாதாரண எஞ்சினின் சக்தி குறையும், காற்று மெலிதாவதுதான் காரணம். காசல்ரீ கிட்டத்தட்ட 3,600 அடி. அப்படியானால் 40 குதிரைவலு எஞ்சின் அங்கே 36க்குப் பக்கத்தில்தான். நுவரெலியா கிரகரி வாவி 6,000 அடிக்கு மேல், அங்கே 33 கூட வராமல் போகலாம். எஞ்சின் பழுதில்லை, மெக்கானிக் ஏமாற்றவும் இல்லை. கீழே வாங்கிய புரொப்பெலரையே வைத்திருந்தால் எஞ்சின் முழு வேகத்துக்கு ஏற முடியாமல் திணறும். ஒரு அங்குலமோ இரண்டு அங்குலமோ பிட்ச் (ஒரு சுற்றில் முன்னே தள்ளுகிற தூரம்) குறைந்த புரொப்பெலர் போடுங்கள், ஒரு அங்குலத்துக்கு ஏறத்தாழ 200 சுற்று ஏறும். கையேட்டில் போட்டிருக்கிற உச்சச் சுற்றுக்குள் வந்துவிட்டால் சரி. போன சக்தி திரும்பி வராது, ஆனால் இருக்கிற சக்தி வேலை செய்யும். புது எஞ்சின் விலையோடு பார்க்கும்போது புரொப்பெலர் ஒரு செலவே இல்லை. பழையதை எறியாமல், ஒன்று உடைந்தால் மாற்றுவதற்காகப் போட்டிலேயே வையுங்கள். 1969இல் மவுசாக்கலையில் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரத்தின் கோவிலும் கட்டடங்களும் தண்ணீர் வற்றும்போது தலைகாட்டும், பார்க்கக் கூட்டமும் வரும். தலைகாட்டுவதற்கு முன்னால், அரை அடித் தண்ணீருக்குக் கீழே இருக்கும்போதுதான் அந்தச் சுவர்கள் புரொப்பெலருக்கு எமன்.

பழைய டூ ஸ்ட்ரோக்கை வைத்துக்கொள்வதா, போர் ஸ்ட்ரோக் வாங்குவதா? டூ ஸ்ட்ரோக் பாரம் குறைவு, பாகங்கள் கீழே எந்த மீன்பிடி ஊரிலும் கிடைக்கும், உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்கே புரியும். மேலே கொண்டுவந்தால் காற்று குறைந்து பெற்றோல் கூடிப்போய்ப் பிளக் கறுக்கும், புகை கக்கும், கார்புரேட்டரில் பெற்றோல் வருகிற துளையான ஜெட்டைச் சின்னதாக மாற்றிச் சரிசெய்ய வேண்டும். அதே எஞ்சினைப் பிறகு கரைக்கு விற்றால் பழைய ஜெட்டை மறுபடி போட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் அங்கே பெற்றோல் போதாமல் பிஸ்டன் உருகும். போர் ஸ்ட்ரோக்கில், பெற்றோலை ஊசியால் பீச்சுகிற வகை என்றால், கலவையை எஞ்சின் தானே சரிசெய்துகொள்ளும். சத்தம் குறைவு, பெற்றோல் மிச்சம், ஆனால் பாரம் கூட. ஆடுகிற பின்பலகையில் அதைத் தொங்கவிடுவதை நினைத்துப் பாருங்கள். கோளாறு வந்தால் கருவி வைத்துப் பார்க்கிற ஆள் ஹட்டனில் கிடைப்பாரா என்பதையும் வாங்கும் முன் விசாரியுங்கள். பங்களா விருந்தினரை ஏற்றுகிறவருக்குப் போர் ஸ்ட்ரோக், தோட்டத்து ஆட்களையும் சாமானையும் அக்கரை சேர்க்கிறவருக்கு இருக்கிற டூ ஸ்ட்ரோக்கையே பராமரிப்பது, என்று நான் பிரிப்பேன். மண்ணெண்ணெயில் ஓடுவது மலையில் எனக்குச் சரிவரவில்லை, குளிர்க் காலையில் அதோடு மல்லுக்கட்ட முடியாது.

மின்மோட்டரைப் பற்றி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். அதற்கு ஒரு தனி நன்மை, உயரம் ஏறியதால் அதன் வலு குறையாது. 20 அடிப் போட்டை மெதுவாக, மணிக்கு ஐந்தாறு கிலோமீற்றரில் ஓட்ட ஒன்று, ஒன்றரைக் கிலோவாட் போதும். 48 வோல்ட் 100 ஆம்பியர் மணி லித்தியம் பற்றரியில் 4.8 கிலோவாட் மணி இருக்கும், அமைதியான தண்ணீரில் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஈயப் பற்றரியில் பாதியைத்தான் நம்பி எடுக்கலாம், நூறு கிலோவுக்கு மேல் கனமும் சேரும். நுவரெலியாவில் உறைபனி விழுகிற இரவுகளில் பூச்சியப் பாகைக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது. கிரகரி வாவி போன்ற சின்ன இடத்துக்கு மின்மோட்டர்தான் என் முதல் தேர்வு. காசல்ரீயில் ஆனி, ஆடிக் காற்று பள்ளத்தாக்கு வழியாக இறங்கி அடிக்கும்போது அந்த ஒன்றரைக் கிலோவாட்டை நம்பிப் பயணிகளோடு நடுவில் நிற்க நான் தயாரில்லை. அங்கே பெற்றோல் எஞ்சினுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

எஞ்சினில் நீங்களே செய்ய வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் தவறக் கூடாது. கியர் ஒயில் வருடம் ஒருமுறை மாற்றுங்கள், பால் போல வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் போயிருக்கிறது. புரொப்பெலரைக் கழற்றிப் பார்த்தால் திலாப்பியா வலையின் நைலோன் இழை சுற்றிக் கிடக்கும், சீலை அறுப்பது பெரும்பாலும் அதுதான். வற்றின காலத்துச் சேற்றுத் தண்ணீர் வோட்டர் பம்ப் இம்பெல்லரை (தண்ணீரைத் தள்ளுகிற ரப்பர்ச் சக்கரத்தை) தின்னும், வருடாவருடம் பாருங்கள். எஞ்சினின் உலோகம் அரிக்காமல் தான் கரைவதற்காக மாட்டுகிற அனோட் கட்டி நாகமாக இருந்தால் நல்ல தண்ணீரில் மேலே ஒரு பூச்சுப் படிந்து வேலை செய்யாமல் சும்மா தொங்கும், நமக்கு வேண்டியது மக்னீசியம். பழைய ஒயிலைக் கேனில் பிடித்துக் கொண்டுபோய்க் கராஜில் கொடுங்கள். காசல்ரீத் தண்ணீரும் மவுசாக்கலைத் தண்ணீரும் களனியில்தான் போய்ச் சேர்கின்றன, கொழும்புக்குக் குடிக்க அம்பத்தளையில் எடுப்பது அந்தத் தண்ணீரைத்தான். போல்ட், பிராக்கெட், கைப்பிடி போன்றவற்றுக்குக் கரைக்கு ஓடத் தேவையில்லை. தேயிலைத் தொழிற்சாலை மெஷின்களைப் பார்த்துப் பழகிய பிட்டர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள், லேத் வேலையில் அவர்களை அடிக்க ஆளில்லை. கிராங்க், பிஸ்டன், கியர் பெட்டியின் உள்வேலை மட்டும் அவுட்போர்ட் மெக்கானிக்கிடம், அதற்கும் எஞ்சினை மட்டும் கழற்றி வேனில் அனுப்பினால் போதும்.

ஆகக் கடைசியில், யார்டுக்கு முழுப் போட்டும் போக வேண்டிய நேரம் இரண்டு. அடி முழுக்கக் கொப்புளித்தால் ஒன்று, பின்பலகையோடு உள்சட்டங்களும் சேர்ந்து உளுத்திருந்தால் இன்னொன்று. இரண்டாவதில் அனுப்புவதற்கு முன் பழைய ஹல் (வெறும் போட் உடல்) ஒன்றின் விலையையும் கேட்டு வையுங்கள், சில நேரம் அதுவே மலிவாக இருக்கும். அனுப்புவதென்று முடிவானால் எஞ்சினைக் கழற்றித் தனியாக நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள், டேங்க்கை வெறுமையாக்குங்கள், லொறித் தட்டில் நடுக்கட்டை முழு நீளத்துக்கும் பழைய டயர் அடுக்கி அதன் மேல் போட்டை இறக்குங்கள், பட்டியை இழுத்துக் கட்டும் இடத்தில் சாக்குத் துணி வையுங்கள். கித்துல்கல தாண்டும் முன் ஒருமுறை நிறுத்தி, பட்டி தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி டிரைவரிடம் சொல்லி அனுப்புங்கள்.